விடுதலை பெற்றவர்களின் பாஸ்புக்

மயிலாடுதுறை

அன்புள்ள கணேசா,

உன் கடிதமும் வாஷிங்டனில் எடுத்த படங்களும் வந்து சேர்ந்தன. பேரனின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு குல்லாயும் கோட்டுமாக நீ நிற்கிற கோலத்தைப் பார்த்து சரஸ்வதி சிரித்து மாளவில்லை. இங்கே பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏற ஒத்துக்கொள்கிறது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் தம்பி நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைக்கிறான். ஈரப்பதம் இறங்காமல் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்று புலம்பல்.

கருவூலத்துக்குப் பக்கத்தில் ‘ஃப்ரீட்மன்ஸ் பேங்க்’ என்று பெயர் எழுதிய கட்டடம் இருக்கிறது, உள்ளே பேங்கைக் காணோம், இது என்னடா என்று கேட்டிருந்தாய். ஆயுசு முழுக்க பேங்கில் உட்கார்ந்தவன் கண்ணில் அதுதானே படும்! அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் காசு போட்டு வைத்த வங்கி இருந்த இடம் அது. இப்போதுள்ள கட்டடத்துக்கு 2016இல்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். ‘விடுதலை கிடைத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு, சேர்த்து வைக்கத் தெரியாத ஜனங்க’ என்று உன் சம்பந்தி சொன்னாராமே, அவருக்கான பதில் அந்த இடத்திலேயே இருக்கிறது.

நிலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அடிமை முறையை ஒட்டி வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் முடிகிற சமயம், 1865 ஜனவரியில், வடக்குப் படைத் தளபதி ஜெனரல் ஷெர்மன், தென் கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா கடலோரத்தில் எஜமானர்கள் போட்டுவிட்டு ஓடிய நிலத்தை விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். சுமார் 40,000 பேர் குடியேறிப் பயிர் வைத்தார்கள். ஏப்ரலில் ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய உடைமைக்காரர்களுக்கு மன்னிப்பு வழங்கி, நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். இந்தச் சேதியைத் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவு மக்களிடம் போய்ச் சொல்லும் பாவம், விடுதலை பெற்றவர்களைக் கவனிக்க அரசு வைத்த துறையின் தலைவர் ஜெனரல் ஹோவர்ட் தலையில் விழுந்தது. போரில் வலது கையை இழந்தவர், நல்ல மனுஷர். உடைமைக்காரர்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்குத் தீவு மக்கள் எழுதிய மனு இன்றும் இருக்கிறது. உங்களுக்குப் போனது ஒரு கை, உங்களால் மன்னிக்க முடியலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவன், என் தாயையும் சகோதரியையும் அடித்தவன், அவன் சொல்கிற கூலிக்கு நடவு செய்தால்தான் காலிக் குடிசையில்கூட இருக்கவிடுவேன் என்கிறவன், அவனை என்னால் மன்னிக்க முடியவில்லை என்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல ஹோவர்டால் முடிந்திருக்குமா?

நிலம் போன பிறகு மிஞ்சியது வாரச் சாகுபடிதான். விதை, கோவேறு கழுதை, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடனுக்கு. வருஷக் கடைசியில் பருத்தி விற்றதும் கணக்கு. பேரேடு நிலக்காரனிடம், எழுத்தறிவும் அவனிடம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம் பக்கத்தில் சொல்வதை அங்கே தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்று கிளம்பினாலும் வழியில்லை. மிசிசிப்பியில் 1865 நவம்பரில் போட்ட சட்டப்படி, கறுப்பர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் வேலை இருப்பதற்கான எழுத்துச் சான்றைக் காட்ட வேண்டும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் அதுவரை உழைத்த கூலியும் போச்சு. வேலை இல்லாமல் திரிந்தால் அபராதம். கட்ட முடியாதவனை, அவனுக்காக அந்தப் பணத்தைக் கட்டுகிறவனிடம் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டுகிறவன் பெரும்பாலும் யாராக இருந்திருப்பான் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நடுவிலும் அவர்கள் சேர்த்து வைத்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நீ பெயரைப் பார்த்த அந்த ஃப்ரீட்மன்ஸ் பேங்க், 1865 மார்ச் 3ஆம் தேதி லிங்கன் கையெழுத்துப் போட்டு உருவான வங்கி. ஐந்து சென்ட் இருந்தாலும் கணக்குத் திறக்கலாம். வண்ணாத்திகள், வண்டிக்காரர்கள், போர்வீரர்கள், தேவாலயச் சங்கங்கள் எல்லாரும் போட்டார்கள். 37 கிளைகள் வரை வளர்ந்தது. லிங்கன் படத்தையும் தேசியக் கொடியையும் காட்டி ஆள் பிடித்ததால் அரசாங்கமே பொறுப்பு என்று ஜனங்கள் நம்பினார்கள். சட்டப்படி அப்படி ஒரு உத்தரவாதமும் கிடையாது.

நீ பல்லைக் கடிக்கப்போகிற இடம் இனிமேல்தான். ஆரம்பத்தில் டெபாசிட்டின் பெரும்பகுதி அரசுப் பத்திரங்களில்தான் போக வேண்டும். 1870இல் விதியைத் திருத்தி, சொத்து ஈட்டின் பேரில் கடன் கொடுக்கலாம் என்றார்கள். வங்கியின் நிதிக் குழுத் தலைவர் ஹென்றி குக். இவருக்குச் சம்பந்தமுள்ள கல்குவாரி கம்பெனிக்கு அதன் பத்திரத்தையே ஈடாக வாங்கிக்கொண்டு கடன். இவர் அண்ணன் ஜே குக் பெரிய பேங்க் முதலாளி, அவர் நிறுவனத்துக்கு 5 லட்சம் டாலர், வெறும் 5 சதவீத வட்டிக்கு! டெபாசிட்தாரருக்கு 6 சதவீதம் வரை தருவதாகச் சொல்லியிருந்த வங்கி இது. 1873 செப்டம்பரில் ஜே குக் நிறுவனம் விழுந்து நாட்டையே நெருக்கடியில் தள்ளியது. 1874 மார்ச்சில், எல்லாம் அரித்துப்போன பிறகு, தலைவர் நாற்காலியில் ஃப்ரெடரிக் டக்ளஸை உட்கார வைத்தார்கள். தாமே அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர், அவர் பெயருக்காகவாவது ஜனம் நம்பும் என்ற கணக்கு. சொந்தப் பணம் 10,000 டாலரை வங்கிக்குக் கடனாகக் கொடுத்தார். பிணத்துக்கு என்னைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று பின்னால் எழுதினார். சில மாதங்களில் கதவு சாத்தியாகிவிட்டது. 61,000க்கு மேற்பட்ட டெபாசிட்தாரர்கள், கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். 1883 வரை தவணை தவணையாகக் கொடுத்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு டாலருக்கு 60 சென்ட் போலக் கிடைத்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. உங்கள் பேங்கில் வாராக்கடன் எழுதித் தள்ளும்போது இடிபடுவது யார் தலை என்று நீ அடிக்கடி கேட்பாயே, அதேதான்.

இன்னொன்றையும் சம்பந்தியிடம் சொல். வாஷிங்டன் நகரில் 1862இல் அடிமைகளை விடுவித்தபோது அரசு தலைக்கு 300 டாலர் வரை நஷ்டஈடு கொடுத்தது. வாங்கிக்கொண்டவர்கள் எஜமானர்கள்.

அந்த வங்கியின் பதிவேடுகள் மட்டும் தப்பிவிட்டன. கையெழுத்துப் போடத் தெரியாதவரை எப்படி அடையாளம் காண்பது? நீங்கள் கேட்கும் கே.ஒய்.சி. மாதிரிதான், ஆனால் கேள்விகள் வேறு. பழைய எஜமானன் பெயர், எஜமானி பெயர், எந்தத் தோட்டம், அப்பா அம்மா யார், கூடப்பிறந்தவர்கள் எங்கே என்று குமாஸ்தா கேட்டு எழுதினார். சிலரது பக்கத்தில், யார் எப்போது எங்கே விற்கப்பட்டார் என்ற குறிப்புகூட இருக்கிறது. 1860 வரை மக்கள்தொகைக் கணக்கில் இவர்களைப் பெரும்பாலும் வயது, பால், நிறம் என்றுதான் எழுதினார்கள், பெயர் இல்லை. அதனால் இன்றைக்குக் கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிற குடும்பங்கள் இந்த லெட்ஜர்களைத்தான் புரட்டுகின்றன. பிரிந்தவர்களைத் தேட அன்றைக்கே பத்திரிகை விளம்பரங்களும் இருந்தன. நியூ ஆர்லியன்ஸில் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை அதற்கு 50 சென்ட் வாங்கியது; போதகர்கள் அவற்றைச் சபையில் வாசித்துக் காட்டினார்கள். ‘என் அம்மா பெயர் இது, இந்த ஊரில் இன்னாருக்கு விற்றார்கள், யாராவது பார்த்தீர்களா’ என்ற மாதிரி. அதைப் படிக்கிற அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

சம்பந்தியிடம் சண்டை போடாதே, பெண் கொடுத்த இடம். தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா, பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நானே பேசிக்கொள்கிறேன். சர்க்கரை மாத்திரை அங்கே விலை அதிகம் என்றாயே, எது வேண்டும் என்று எழுது, இங்கிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமு