தாள் இப்போது யார் பிடியில்?

அன்பு மகளுக்கு,

அடுக்கிலிருந்து தாளை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும் உன் எந்திரத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 120 தாள் போக வேண்டும், இடையிடையே இரண்டு தாள் சேர்ந்தே வருகிறது, அதனால் ஸ்பிரிங்கை இறுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். இறுக்காதே. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தாளைப் பிரிக்கும் இடத்தில் மேலே இழுக்கும் ரோலர். கீழே, டார்க் லிமிட்டர் (வைத்த அளவு முறுக்குவிசையைத் தாண்டினால் வழுக்கிவிடும் இணைப்பு) வழியாகப் பின்னோக்கிச் சுற்றப் பார்க்கும் தடுப்பு ரோலர். நடுவில் ஸ்பிரிங் தரும் அழுத்தம் 4 நியூட்டன் என்று வை. புது ரப்பருக்கும் தாளுக்கும் உராய்வுக் கெழு 1.2, தாளுக்கும் தாளுக்கும் 0.6 என்று எடுத்துக்கொள். ஒற்றைத் தாள் போகும்போது, அது தடுப்பு ரோலரை 4.8 நியூட்டன் வரை முன்பக்கம் இழுக்கும். இரண்டு தாள் நுழைந்துவிட்டால் மேல்தாள் கீழ்த்தாளை 2.4 நியூட்டனுக்கு மேல் இழுக்க முடியாது. லிமிட்டரின் தடுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். 3.3 நியூட்டன் வைத்தால், 10 மி.மீ. ஆரமுள்ள ரோலருக்கு டார்க் 33 மில்லிநியூட்டன் மீட்டர்.

இப்போது ஸ்பிரிங்கை 6 நியூட்டனுக்கு இறுக்கிப் பார். கீழ் எல்லை 3.6 ஆகிவிடும், 3.3 போதாது, இரட்டைத் தாள் இன்னும் கூடும். தாள்தூள் படிந்து ரப்பரின் கெழு 0.8-க்கு இறங்கினால் நிலைமை நேர்மாறு. 4 நியூட்டனில் மேல் எல்லை 3.2 ஆகிவிடும், ஒற்றைத் தாளே வழுக்கித் தாமதமாக வரும். அதற்கு வேண்டியது ஸ்பிரிங் அல்ல, துடைப்பு. இன்னொன்றையும் மறக்காதே: அடுக்கிலிருந்து தாளை எடுக்கும் ரோலர் 1 நியூட்டனில் அழுத்திக்கொண்டே இருந்தால், அது மட்டுமே கீழ்த்தாளை இன்னும் 0.6 நியூட்டன் முன்னே தள்ளும். 2.4 என்பது 3.0 ஆகும். தாளின் முன்விளிம்பு பிரிப்பு ரோலரில் கவ்வப்பட்டதும் எடுக்கும் ரோலர் மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். உன் வரைபடத்தில் அது தூக்கவில்லை. என் சந்தேகம் முழுக்க அங்கேதான்.

அடுத்தது நேரம். 120 தாள் என்றால் ஒரு தாளுக்கு 500 மில்லிவினாடி. நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஏ4 தாளை அகலவாட்டில் அனுப்பினால் தாள் 210 மி.மீ., இடைவெளி 90 மி.மீ., அதாவது 150 மில்லிவினாடி. கோணலைச் சரிசெய்ய நிறுத்துவது, மறுபடி கிளப்புவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். சென்சார் 1 மில்லிவினாடி முன்னே பின்னே சொன்னால் தாள் 0.6 மி.மீ. நகர்ந்திருக்கும். இட நிர்ணயம் 0.3 மி.மீ.-க்குள் வேண்டுமென்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மோட்டாரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

வேகம் கூட வேண்டுமென்றால் தாளை வேகமாக ஓட்டுவது ஒன்றே வழி என்று நினைக்காதே. மணிக்கு 18,000 தாள் அடிக்கும் ஆஃப்செட் அச்சு எந்திரத்தில் ஒரு தாளுக்கு 200 மில்லிவினாடிதான். 720 மி.மீ. நீளத் தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் நொடிக்கு 3.6 மீட்டர் ஓட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று படிய, 240 மி.மீ. மட்டும் தள்ளித்தள்ளி விட்டால் 1.2 மீட்டர் போதும். வேகம் மூன்றில் ஒரு பங்கு, முன்தடுப்பில் மோதும் ஆற்றல் ஒன்பதில் ஒரு பங்கு. விளிம்பு நசுங்காது, துள்ளித் திரும்பாது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த ஏற்பாடு இது.

கோணல் எங்கே பிறக்கிறது என்பதையும் பார்த்துக்கொள். ஒரே ஷாஃப்டில் 100 மி.மீ. தள்ளி இருக்கும் இரண்டு ரோலர்களின் விட்டம் 0.5 சதவீதம் வேறுபட்டால், வழுக்கல் இல்லாதவரை, 300 மி.மீ. ஓட்டத்தில் ஒரு பக்கம் 1.5 மி.மீ. முந்தும். மென்மையான ரப்பர் அழுத்தத்துக்கு ஏற்ப நசுங்கும். தாளை அது கடத்தும் வேகமும் கூடவே மாறும். அதனால் இடம் நிர்ணயிக்கும் ஜோடியில் ஓட்டும் ரோலர் கடினமானதாக, கிரைண்ட் செய்ததாக இருக்கட்டும். அதை நிறுத்தி வைத்து, தாளைப் பின்னாலிருந்து சில மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளி, வளையவிட்டு நேராக்கும் முறை மெல்லிய தாளுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. தடித்த அட்டை வளையாமல் ரோலருக்குள்ளேயே முட்டி நுழைந்துவிடும். அதற்கு இடமும் வலமும் தனித்தனி மோட்டார் வேண்டும்.

கைமாறும் இடங்களில் தாள் ஒரு கணம்கூட யாரும் பிடிக்காமல் இருக்கக் கூடாது. இருவர் இழுபறியிலும் சிக்கக் கூடாது. ரோலர் ஜோடிகளின் இடைவெளி, மிகக் குட்டையான தாளின் நீளத்தைவிடக் குறைவாக இருக்கட்டும். முன்னால் இருப்பது கவ்வியதும் பின்னால் இருப்பது ஒருவழி கிளட்ச் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் இணைப்பு) வழியாக விட்டுக்கொடுக்கட்டும். வழிகாட்டித் தகடுகள் சேரும் இடத்தில் அடுத்த தகடு ஒருபோதும் படியாக மேலெழக் கூடாது. சுருண்ட விளிம்பு அங்கேதான் முட்டும்.

எதையும் மாற்றுமுன் தடுப்பு ரோலரின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டு, கைபேசியின் மெதுஓட்ட வீடியோவில் பிடி. ஒற்றைத் தாள் போகும்போது கோடு நிற்காமல் முன்பக்கம் சுற்ற வேண்டும். நின்று நின்று போனால் ரப்பர் அழுக்கு, இல்லையேல் டார்க் அதிகம். இரண்டு தாள் புகும்போது அது பின்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் எடுக்கும் ரோலரைக் கையால் தூக்கிப் பிடித்து ஒருமுறை ஓட்டிப் பார். வீடியோவை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா