பள்ளத்து வீதி வடிகாலுக்காக வந்து உட்கார்ந்தவர்களுக்கு

எங்கள் வார்டு மக்களுக்கும், வார்டுக்கு வெளியிலிருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

பள்ளத்து வீதி மழைநீர் வடிகால் எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஜனவரி 26 அன்று, நம் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் நாம் எல்லாரும் பேசித் தீர்மானம் எழுதிக் கொடுத்தோம். முதலில் போட்டிருந்த வழியைக் கைவிட்டு, நாம் சொன்ன வழிக்குப் புதிய மதிப்பீடு தயாரிக்க நகராட்சி மன்றம் ஒப்புதல் அளித்திருக்கிறது. வேலை இன்னும் தொடங்கவில்லை. டெண்டர் விட வேண்டும், அதற்குள் ஒரு மழைக்காலமே வந்துவிடலாம். ஆனாலும் நன்றி சொல்வதை அதுவரை தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

தறி ஓட்டுகிறவர்களை முதலில் சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வந்த நீங்கள் படுக்கப் போகாமல் நேராகச் சமுதாயக் கூடத்துக்கு வந்தீர்கள். பஞ்சுத் தூசி தலையில் அப்படியே இருந்தது. பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் துணி துவைக்கவும் சொந்தபந்தத்தைப் போய்ப் பார்க்கவும் வைத்திருந்த விடுமுறை நாளை இதற்குக் கொடுத்தீர்கள். கூட்டம் முடிகிறவரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்குப் பொதுக்காரியத்தில் அக்கறை கிடையாது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டியதும் வீட்டுக்கு வீடு வரி கொடுக்கிறோம். கம்பம் நடுவது முதல் மஞ்சள் நீராட்டு வரை ஆளுக்கொரு வேலையை எடுத்துச் செய்கிறோம். நோன்பு முடிந்ததும் வரவு செலவை ஊர் நடுவில் வாசிக்கிறார்கள். பந்தல்காரருக்குக் கொடுத்ததில் நூறு ரூபாய் இடித்தாலும் எழுந்து நின்று கேட்கிறோம். கேட்பவரை யாரும் தவறாக நினைப்பதில்லை. அதே மாதிரி நகராட்சிக் கணக்கையும் கேட்கலாம் என்றுதான் நமக்கு எவரும் சொல்லவில்லை. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்து, அறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டால் தறிக்காரர் எப்படி வருவார்?

கவுன்சிலர் அம்மாவுக்கு நான் நன்றி சொல்வது இதற்காகத்தான். விடுமுறை நாளில் வைத்தால்தான் உழைக்கிறவர்கள் வருவார்கள் என்று கேட்டதும் ஒப்புக்கொண்டார். நோட்டீஸை வீடு வீடாகக் கொடுக்கத் தானே நடந்தார். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் முதன்முறையாக வென்று வந்தவர் அவர்; பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருப்பதன் பலன் என்ன என்று எங்கள் வார்டுக்கு வந்து பார்க்கலாம். அதற்கு முன்பு, 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலர் என்று யாருமே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் பார்த்தார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றே தெரியாமல் நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஓட்டுப் போடும் வயதுக்கு வந்தார்கள். அந்த இடைவெளி நம்மைப் பாதித்த அளவை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்துக் காட்டிய வக்கீல் தம்பிக்கு அடுத்த நன்றி. 1992-இல் நிறைவேறி, 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில்தான் வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. நம்மைப் போன்ற சின்ன ஊருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டுவந்த விதிகளால்தான் நகராட்சிகளிலும் வார்டு குழு, பகுதி சபை என்ற இரண்டும் வந்தன. முதல் கூட்டங்கள் அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று நடந்தன. கிராம ஊராட்சிக்குப் போன நம் உறவினர்கள் கிராம சபையைப் பற்றிப் பேசும்போது நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோமே, அதுபோன்ற ஒரு சபை நமக்கும் இருக்கிறது என்று தம்பி படித்துக் காட்டிய அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. "உறுப்பினராக மனு எதுவும் போட வேண்டாம். இந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் உறுப்பினர்தான்" என்று தம்பி சொன்னபோது, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள். கூட்ட நாளில் அந்த இருவரும் முதல் வரிசையில் இருந்தார்கள்.

இனி வடிகால் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மதிப்பீட்டின் நகல் இல்லாமல் பேசினால் வெறும் ஆவலாதியாகத்தான் இருக்கும். அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண். பத்து ரூபாய்க்குக் கோர்ட் வில்லை ஒட்டி, கேள்வியை நான்கே வரியில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினார். முப்பது நாள் கெடு முடிவதற்குள் பதில் வந்தது. கேள்வி எவ்வளவு சுருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாகப் பதில் வரும் என்பதை அந்தப் பெண்ணிடம் பெரியவர்களே கற்றுக்கொண்டோம்.

நகலில் இருந்த வழி பள்ளத்து வீதியிலிருந்து மெயின் ரோட்டை நோக்கிப் போனது. வரைபடத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேர்கோடு, தூரமும் குறைவு. பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்தான் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவரும் நம் வீதிக் கொத்தனார் ஒருவரும், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபைப் பிடித்துக்கொண்டு வீதி வீதியாக நடந்து அளந்தார்கள். மெயின் ரோடு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்து, இப்போது பள்ளத்து வீதியைவிட இரண்டு அடிக்குமேல் மேட்டில் இருக்கிறது. போட்டிருந்த வழியில் வடிகால் கட்டினால் தண்ணீர் மேட்டுக்கு ஏற வேண்டும். இதைப் பழுப்புத் தாளில் பெரிதாக வரைந்து, எல்லா வீட்டுக் கதவு எண்ணையும் குறித்து, சமுதாயக் கூடத்துச் சுவரில் மாட்டினார் பெரியவர். வந்தவர்கள் எல்லாரும் முதலில் தங்கள் வீட்டைத் தேடினார்கள். தேடிக் கண்டுபிடித்த பிறகு தண்ணீர் எங்கே நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே பாதிப் பேச்சு அந்தச் சுவரோரம் முடிந்துவிட்டது.

அப்படியானால் தண்ணீர் எங்கேதான் போகும்? அதற்குப் பதில் சொன்னவர் எழுபதைக் கடந்த ஒரு பாட்டி; நாங்கள் அமுச்சி என்போம். வீட்டுமனை சைட் போடுவதற்கு முன்னால் இங்கே பள்ளம், அதாவது ஓடை, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையை ஒட்டியே ஓடிக் குட்டைக்குப் போனது, பனைமரம் வரிசையாக நின்றது, மழை பெய்தால் மாட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப்பக்கம் போக முடியாது என்று சொன்னார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, பேசலாமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். அவர் சொன்ன இடத்தைப் பழைய புலப்படத்தில் தேடியபோது, பள்ளம் என்று பெயர் போட்டு அரசுப் புறம்போக்காகவே இருந்தது. வீதிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அதில் குடியிருப்பவர்களே அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். ஊரின் நிலவரம் இப்படி யாரோ ஒருவருடைய நினைவில் இருக்கும்போது, அவரைக் கூட்டத்துக்கு அழைத்து வருவதைவிட முக்கியமான வேலை எதுவும் இல்லை. அமுச்சியை மொபெட்டில் உட்காரவைத்து மெல்ல ஓட்டி வந்த பேரனுக்கும் என் நன்றி.

தூய்மைப் பணியாளர்களுக்கு நான் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும். அவர்கள் நம் வார்டில் குடியிருப்பவர்கள் இல்லை. பகுதி சபையில் பேசலாமா என்று ஒருவர் எழுந்து கேட்டார். கேட்டது நியாயம்தான். தீர்மானத்தில் கையெழுத்து வாக்காளர்கள் போடட்டும், விவரம் தெரிந்தவர்கள் பேசட்டும் என்று கவுன்சிலர் சொல்லிவிட்டு, கடைசியில் நின்றவர்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். சிறுபாலத்துக்கு அடியில் குடிநீர்க் குழாய் ஒன்று குறுக்கே போகிறது, பிளாஸ்டிக் பையெல்லாம் அதில்தான் சிக்குகிறது, எத்தனை முறை வாரினாலும் அடுத்த மழைக்கு அடைத்துக்கொள்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். எந்த வரைபடத்திலும் அந்தக் குழாய் இல்லை. கூட்டத்துக்கு வந்திருந்த பொறியாளர் உடனே குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் நேரில் போய்ப் பார்த்தார். குழாயை மாற்றிப் போடுவது இப்போது புதிய மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறது. தினமும் அந்த அடைப்பைக் கையாளுகிறவர்களிடம் இத்தனை காலம் ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

அந்தப் பொறியாளர் மதிப்பீட்டில் இருந்ததை ஒவ்வொரு இனமாகத் தமிழில் விளக்கினார். கேள்வி கேட்டவர்களிடம் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. முடியாததை முடியாது என்றும் நேராகச் சொன்னார். வடிகாலோடு சேர்த்தே வீதி முழுவதும் கல் பதிக்க இந்த ஆண்டு நிதியில் இடமில்லை என்றபோது சலசலப்பு எழுந்தது உண்மை. ஆனால் மழுப்பாமல் சொன்னதால் நம்பிக்கை கூடியது.

எதிர்த்துப் பேசிய மளிகைக் கடைக்காரருக்கும் மனமார்ந்த நன்றி. வழி மாறினால் தன் வீதியில் குழி தோண்டுவார்கள், கடைக்கு ஆள் வராது என்றார். சிலர் அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காராமல் நின்றதால்தான் வேலையை ஒரே மூச்சாகத் தோண்டாமல் துண்டு துண்டாகச் செய்ய வேண்டும், வாசலுக்கு நடைபலகை போட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் தீர்மானத்தில் ஏறின. மாறுபட்ட கருத்தோடு வருகிறவர் இல்லாமல் நடந்திருந்தால் நம் தீர்மானம் அரைகுறையாக இருந்திருக்கும்.

பள்ளத்தை ஒட்டிய லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. மழைத்தண்ணீர் முதலில் ஏறுவது அவர்கள் வீட்டுக்குள்தான். அவர்களுக்கு இந்தியில் சொல்லி, அவர்கள் சொன்னதைத் தமிழில் நமக்குச் சொன்ன டைலர் அண்ணனுக்கு நன்றி. நாற்காலி கொடுத்த கோயில் கமிட்டி, கரும்பலகையில் தேதி எழுதி வைத்த டீக்கடை, மோர் கொண்டுவந்த சுய உதவிக் குழுப் பெண்கள் ஆகியோருக்கும் நன்றி. தீர்மானத்தை எழுதி முடித்ததும் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற எழுத்தருக்கு இரட்டிப்பு நன்றி.

கூட்டத்தின் முடிவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சில நிமிடம் பேசினார். கோயம்புத்தூருக்குச் சிறுவாணித் தண்ணீர் வேண்டும் என்ற யோசனையை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பத்திரிகையாளர் எஸ்.பி.நரசிம்மலு நாயுடு முன்வைத்தார். அது குழாயில் வந்து சேர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. நகராட்சி மன்றத்தில் பேசிப் பேசியே அது நடந்தது. 1910-களின் இறுதியில் ராஜாஜி சேலம் நகராட்சிக்கும் பெரியார் ஈரோடு நகராட்சிக்கும் தலைவர்களாக இருந்தார்கள். பின்னாளில் நாடறிந்த இருவரும் முதலில் உட்கார்ந்தது குடிநீரையும் சாக்கடையையும் பேசும் நாற்காலியில்தான் என்றார். எனக்கு அது நெஞ்சில் நின்றுவிட்டது. சாக்கடையைப் பற்றிப் பேசுவதற்கா கூட்டம் என்று கேட்டவர்களுக்கு அடுத்த முறை இதைத்தான் சொல்லப் போகிறேன்.

வராதவர்கள் மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. வயதானவர்களைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களும், அன்றும் கம்பெனியில் அவசர ஆர்டர் முடித்தவர்களும் உண்டு. உங்கள் வீட்டுக்கே வந்து தீர்மானத்தின் நகலைக் கொடுக்க இளைஞர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். படித்துவிட்டு, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அவர்களிடமே சொல்லியனுப்புங்கள்.

பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பதால் அடுத்த கூட்டத்துக்கு அதிக நாள் இல்லை. குடிநீர் விடும் முறையைத்தான் அதில் முதலில் எடுக்கப் போகிறோம். அதற்கு ஒரே ஒரு உதவி வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எவ்வளவு நேரம் வந்தது என்று உங்கள் வீட்டுத் தினசரி காலண்டர் தாளிலேயே எழுதிவையுங்கள். கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கிளிப்பில் மாட்டி, கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பகுதி சபைப் பிரதிநிதி