அறிவியல் வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழு, வினாடி வினா, நூலகச் சீரமைப்பு ஆகியவை வழக்கம்போல நடந்தன.

இந்த ஆண்டின் மாதக் கூட்டங்கள் முழுவதும், மரபணு மருந்தைக் கொழுப்புத் துகளில் ஏற்றி செல்லுக்குள் சேர்ப்பது பற்றியே. தலைப்பு என் தேர்வுதான். "வருஷம் முழுக்கக் கொழுப்பா?" என்று கேட்டவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். வராததால் இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய மருந்தாகப் பயன்படும், மரபணுச் செய்தி சுமக்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.வை ரத்தத்தில் அப்படியே விட்டால் சிதைந்துவிடும். வைரஸில் ஏற்றி அனுப்பலாம். ஆனால் உடல் அந்த வைரஸை எதிர்க்கப் பழகிக்கொள்வதால் இரண்டாம் தவணை கொடுப்பது கடினம். நேர்மின்னேற்றக் கொழுப்பு டி.என்.ஏ.வை செல்லுக்குள் சேர்க்கும் என்று 1987இலேயே காட்டிவிட்டார்கள். எப்போதும் மின்னேற்றத்தோடு இருக்கும் கொழுப்பு செல்லுக்கு நஞ்சாகிறது என்பதுதான் தொல்லை. அப்புறம் வந்தது, இடமறிந்து மாறும் கொழுப்பு. ரத்தத்தில் அதற்கு மின்னேற்றம் அநேகமாக இல்லை. செல் அதை விழுங்குகிறது. விழுங்கிய பையில் அமிலத்தன்மை ஏறியதும் அந்தக் கொழுப்பு நேர்மின்னேற்றம் பெற்று, பையின் சவ்வைக் குலைத்துச் சரக்கை வெளியே விடுகிறது. அப்படியும் தப்பி வெளியேறுவது சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கை நம்பித்தான் 2018இல் பாடிசிரான் என்ற, பரம்பரை நரம்பு நோய்க்கான ஆர்.என்.ஏ. மருந்து அனுமதி பெற்றது, கொரோனா எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் வந்தன. 2025இல் அமெரிக்காவில், அமோனியாவை அகற்ற முடியாத அரிய நோயுடன் பிறந்த கைக்குழந்தைக்கு, அக்குழந்தைக்கென்றே செய்த மரபணுத் திருத்த மருந்தை இதே வழியில் மூன்று தவணைகளாகக் கொடுத்தார்கள். வைரஸ் வழியில் அது எளிதில் நடந்திருக்காது. இதைப் பேசிய கூட்டத்தில்தான் நாற்காலிகள் அதிகம் காலியாக இருந்தன.

ரத்தத்தில் செலுத்தும் துகள்களில் பெரும்பகுதி கல்லீரலுக்கே போகிறது. அபோ-இ என்ற ரத்தப் புரதம் ஒட்டிக்கொள்ள, கல்லீரல் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நம் உறுப்பினர்கள் ஆண்டு விழாவுக்கு மட்டும் தவறாமல் வந்து சேர்வதுபோல.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கிப் பட்டியலும் அவரிடமே. அது கணக்கைவிட நீளம். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

தலைவருக்கும், இடம் தந்தவர்களுக்கும், பேசியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, இந்தத் துகள்களை நுரையீரலுக்கும் மூளைக்கும் அனுப்பும் முயற்சிகளைப் படிக்கலாம் என்று எண்ணம். நானே நடத்த வேண்டும் என்பதில்லை. செயலாளர் பொறுப்புக்கு யார் முன்வந்தாலும் சரி, கோப்புகளை ஒப்படைக்கத் தயார். சந்தா பாக்கி உள்ளவர்கள் போட்டியிட விதி இடம் தராது. கட்டிவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
செயலாளர்