"இனி இவர்களுக்கு என்ன குறை?"

ஆசிரியர் அவர்களுக்கு,

டித்வா புயலில் வீடிழந்த தோட்ட மக்களைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அபாய வலயத்து லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்போரை நகரத்துத் தொடர்மாடிகளில் குடியேற்றச் சொன்ன ஐயா, முன்னரே அப்படி வந்த எங்களைக் காட்டி, "இனி இவர்களுக்கு என்ன குறை?" என்று முடித்திருக்கிறார். டைல்ஸ் தரை, குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்மைதான். படமும் நன்றாக விழுந்திருக்கிறது. கீழே நின்றே எடுத்திருப்பார் போல.

மேலே ஏறி வந்திருந்தால் சொல்லியிருப்போம். போன மழைக்காலத்தில் என் மாமியார் இறந்தபோது, பெட்டியைப் படிக்கட்டு வளைவில் திருப்ப முடியவில்லை. நிமிர்த்தி, கயிறு கட்டித்தான் மூன்றாம் மாடியிலிருந்து இறக்கினோம். ஆயுசுக்கும் கொழுந்து பறித்த மனுஷி. லயத்தில் என்றால் இஸ்தோப்புத் திண்ணையில் கிடத்தி, வாசலில் தப்படித்து முறையாக அனுப்பியிருப்போம். இங்கே தப்புச் சத்தம் தொந்தரவாம், பக்கத்துத் தெருவிலிருந்து பொலிசுக்கு அறிவித்துவிட்டார்கள்.

லயம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஒழுகும் தகரத்துக்கடியில், ஒரே காம்பராவில் பிள்ளை வளர்த்தவள் நான். ஆனால் அங்கே நாலு பாத்தி லீக்ஸ், கரட் போட்டோம், விறகு பொறுக்கினோம், மாடு வைத்திருந்தோம். இங்கே காஸ், கரண்ட் பில், தண்ணீர் பில், அதற்கு மேல் பராமரிப்புக் கட்டணம். வேலையோ இன்னும் அதே தோட்டத்தில்தான். பஸ் பிந்தி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான்.

எங்களுக்கு என்ன குறை என்று ஆசிரியருக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 1948இல் பிரஜாவுரிமை போனது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை தோட்டம் மண்சரிவில் புதைந்தது. தப்பியவர்கள் வீட்டுக்காக எவ்வளவு காலம் முகாமில் கிடந்தார்கள் என்பதை உங்கள் பத்திரிகையில்தான் படித்தோம். அப்புறம் வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்றார்கள். காணி உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டால், வரும் என்றார்கள். இந்த வீட்டுக்கும் எங்களிடம் இருப்பது மேடையில் வைத்துத் தந்த ஒரு கடிதமும், அதை வாங்கும்போது எடுத்த போட்டோவும்தான். வங்கியில் காட்டினேன். போட்டோ நன்றாக இருக்கிறது என்றார்கள்.

படிக்கட்டில் விளக்கில்லை என்று போன வருடம் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. இடம் இருந்திருக்காது, பரவாயில்லை. அந்த வாரம் ராசிபலன் ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது.

இதையாவது போடுங்கள். எங்கள் மொட்டை மாடிக் கதவு பூட்டிக் கிடக்கிறது, சாவி அலுவலகத்தில். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இல்லை, எங்களுக்குத் துணி துவைக்க ஞாயிறு தவிர வேறு நாள் இல்லை. ஈர உடுப்பு அறைக்குள்ளேயே தொங்கி, சின்னவனுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. ஒரு சாவியைக் குடியிருப்பாளர் சங்கத்திடம் கொடுக்கச் சொல்லி உரியவர்களுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்
நுவரெலியா மாவட்டம்
(பெயரைப் போட வேண்டாம். அலுவலகத்தார் பத்திரிகை படிப்பார்கள்.)