டப்பாவின் உயரத்தைக் குறைத்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
சோலார் மற்றும் வயரிங் மின்பணியாளர்,
தூத்துக்குடி.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு.

பொருள்: கழற்றி எடுக்கும் டப்பாக்கள் உள்ள கைப்பெட்டியில் மூடி சரியாக உட்காராதது, வாரன்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

ஸ்க்ரூ, நட்டு, வாஷர், லக் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) வைப்பதற்காக உங்கள் கம்பெனியின் கைப்பெட்டியை ஒரு கடையில் வாங்கினேன். பில் நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன். இதே மாடல் பெட்டி ஒன்று ஏற்கெனவே பல வருடமாக என்னிடம் இருக்கிறது. அது நன்றாக உழைத்ததை நம்பித்தான் இரண்டாவதையும் உங்களிடமே வாங்கினேன். மாடல் எண் அதேதான், அட்டையில் இருக்கும் படமும் அதேதான். ஆனால் உள்ளே இருக்கும் பொருள் வேறு.

பழைய பெட்டியின் டப்பா 47 மில்லிமீட்டர் உயரம், புதியதில் 45. வெர்னியர் வைத்து அளந்தேன். பழைய மூடியின் உட்புறம் ஒவ்வொரு டப்பாவின் விளிம்புக்கும் நேராக மெல்லிய வரம்பு ஓடும். மூடியை அழுத்திப் பூட்டினால் அந்த வரம்பு விளிம்புக்குள் இறங்கி உட்காரும். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு வாஷர் இடம் மாறாது. புதிய மூடியில் அந்த வரம்பையே எடுத்துவிட்டீர்கள். அதனால் மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் சந்து நிற்கிறது. மூடியின் நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருப்பதால் அங்கே இன்னும் கொஞ்சம் கூடுதல்.

2 மில்லிமீட்டர்தானே என்று உங்கள் சேவை மையத்தில் ஒருவர் கேட்டார். எம்4 வாஷரின், அதாவது 4 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் போடும் வாஷரின், தடிமன் 0.8 மில்லிமீட்டர், எம்5 வாஷர் 1 மில்லிமீட்டர். சோலார் பேனலைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப்புக்குப் போடுகிற எம்8 வாஷரே 1.6 மில்லிமீட்டர்தான். நான் எடுத்துப்போகும் வாஷர் அத்தனையும் அந்தச் சந்தில் தாராளமாக நுழையும். பெட்டியின் கைப்பிடியை நீளவாக்கில் ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். தூக்கினால் பெட்டி நின்றவாக்கில்தான் தொங்கும். ஏணியில் ஏறி மொட்டை மாடிக்குப் போவதற்குள் மேல் வரிசை டப்பாவில் இருந்ததெல்லாம் கீழ் வரிசைக்கு இறங்கிவிடுகிறது. "படுக்கவைத்தே தூக்குங்கள் சார்" என்று பதில் சொல்கிறார்கள். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவன் பெட்டியைப் படுக்கவைத்து எப்படித் தூக்குவான்? அப்படித்தான் தூக்க வேண்டுமென்றால் கைப்பிடி எதற்கு?

கலந்தால் பொறுக்கிப் பிரித்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர் கடற்கரை ஊர், உப்புக்காற்று. வெளியில் மாட்டும் எல்லாவற்றுக்கும் 304 எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட், எஸ்எஸ் வாஷர்தான் போடுகிறேன். வீட்டுக்குள் செய்யும் வேலைக்குத் துத்தநாகப் பூச்சு போட்ட சாதா இரும்பு வாஷர் போதும். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். மதிய வெயிலில் தகிக்கும் தளத்தில் நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. காந்தம் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்: இரும்பு சட்டென்று ஒட்டிக்கொள்ளும், எஸ்எஸ் பெரும்பாலும் ஒட்டாது. ஒவ்வொரு வாஷரையும் இப்படிச் சோதித்து மாட்ட முடியுமா?

தப்பித்தவறி சாதா வாஷர் ஒன்று கிளாம்ப்பில் போய்விட்டால் முதலில் துத்தநாகப் பூச்சு போகும், அப்புறம் இரும்பு துருப்பிடிக்கும். வாஷர் அரிக்க அரிக்க போல்ட்டின் பிடி தளரும். கிளாம்ப் பிடித்திருக்கும் சோலார் பேனல் ஒன்றே 25 கிலோவுக்கு மேல் இருக்கும். புயல் காற்று வரும் ஊரில் அதைத் தாங்கி நிற்பது இந்தச் சின்னப் பொருள்கள்தான். வீட்டுக்காரர் என்னை நம்பித்தான் கூரையைக் கொடுக்கிறார். அதனால்தான் இந்த 2 மில்லிமீட்டரை நான் விடாமல் கேட்கிறேன்.

பழைய பெட்டியில் உடைந்துபோன டப்பாக்களுக்குப் பதிலாக உங்கள் உதிரி டப்பாக்களையும் வாங்கினேன். அவையும் 45 மில்லிமீட்டர்தான். நல்ல மூடி இருக்கும் பழைய பெட்டியில் போட்டாலும் வரம்பு விளிம்பைத் தொடுவதில்லை. அடியில் இருக்கும் பள்ளத்திலும் சரியாக உட்காராமல் ஆடுகிறது. உதிரி டப்பாவின் உறையில் "இந்த மாடலின் எல்லாப் பெட்டிகளுக்கும் பொருந்தும்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அது உண்மையில்லை.

லாக் இரண்டும் கடினமாக இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அது பழகிவிடும், அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

வாரன்டி கேட்டபோது, நான் தொழிலுக்குப் பயன்படுத்துவதால் வணிகப் பயன்பாடு என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். பெட்டியின் அட்டையில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், தச்சர் படங்களைப் போட்டு விற்பது நீங்கள்தானே. தவிர, 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்கு மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. பிரிவு 2(7)-ன் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். எனக்கு ஆள் இல்லை, கடை இல்லை. பெட்டியைத் தூக்குவதும் நான்தான், ஸ்க்ரூவைத் திருகுவதும் நான்தான்.

ஆகவே, பெட்டிக்கும் உதிரி டப்பாக்களுக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் வரம்புள்ள மூடியும் 47 மில்லிமீட்டர் டப்பாவும் உள்ள பெட்டியை மாற்றிக் கொடுங்கள். அளவை மாற்றித்தான் தயாரிப்பீர்கள் என்றால் மாடல் எண்ணையும் மாற்றுங்கள். உதிரி டப்பாவின் உறையில் அதன் உயரத்தை அச்சிடுங்கள். பழைய பெட்டி வைத்திருக்கும் மற்றவர்களாவது பார்த்து வாங்குவார்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை. பெட்டியை நீங்கள் நேரில் பார்க்க விரும்பினால் ஆள் அனுப்புங்கள். பழையது, புதியது இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வெர்னியர் அளவுடன் எடுத்த படங்கள், உதிரி டப்பாவின் உறை.