நாட்டிங்ஹாமில் இருக்கும் மகனுக்கு, நூல் பற்றி

குடியாத்தம்

அன்புள்ள சரவணனுக்கு, அம்மா எழுதுவது.

போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால் தாளில் எழுதி, உன் அக்காவிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ கேட்டது இரண்டு. ஸ்வெட்டர் பின்னுகிற மாதிரி ஊசிப் பின்னல் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது என்பது ஒன்று. நான் செய்வதையெல்லாம் படம் பிடித்துப் போட்டு விற்றால் என்ன என்பது இன்னொன்று. விற்கிற பேச்சு வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் ஊசிக்கு வருவோம்.

நீ வாங்கியிருக்கிற 4 மில்லிமீட்டர் ஊசியை இங்கே எட்டாம் நம்பர் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். அது உங்கள் இங்கிலாந்தின் பழைய கணக்கு, நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அதற்கு டபுள் நிட்டிங் என்கிற நடுத்தரத் தடிமன் நூல் சரியாக இருக்கும். 22 கண்ணி, அதாவது ஊசியில் நூல் வளையம், போட்டால் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் அகலம் வர வேண்டும். உனக்கு வராது, குறையும். பென்சில் பிடித்தாலே அடுத்த பக்கத்தில் எழுத்து பதிகிற கை உன் கை. இழுத்துப் பிடிக்காமல் பழகு, இல்லையென்றால் அடுத்த வரிசையில் ஊசி உள்ளே நுழையாது.

எல்லா வரிசையும் நிட், அதாவது நேர்ப் பின்னல், மட்டும் போடு. ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல், அதாவது மறுபக்கப் பின்னல், என்று போட்டால் கடை ஸ்வெட்டர் மாதிரி வழவழப்பாக வரும், ஆனால் ஓரம் சுருண்டுகொள்ளும். நீ என்னவோ தப்பாகிவிட்டது என்று பிரித்துப் போடுவாய். தப்பில்லை, கண்ணிக்கு முன்பக்கம் ஒரு இழுப்பு, பின்பக்கம் ஒரு இழுப்பு. எல்லாமே நிட் என்றால் இரண்டும் ஒன்றை ஒன்று சமன் செய்து துணி தட்டையாகக் கிடக்கும். மப்ளரில் இறங்காதே, முடியவே முடியாது. சூடான பாத்திரம் இறக்க ஒரு சதுரம் போதும். கம்பளி நூலிலேயே செய், அக்ரிலிக் என்றால் அடுப்பருகே உருகிவிடும். முடித்தபின் அதை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டுவிடாதே. கம்பளி இழை முழுக்க நுண்ணிய செதில் இருக்கிறது. சூடும் குலுக்கலும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு பாதியாகச் சுருங்கிப்போகும்.

ஆம்பளை ஊசி பிடித்தால் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டாயே. நீயே ரடிங்டனில் பின்னல் தொழிலாளர் மியூசியத்துக்குப் போய்ப் படம் அனுப்பியிருக்கிறாய். காலுறை பின்னும் இயந்திரச் சட்டத்தை 1589-ல் செய்த வில்லியம் லீ உங்கள் நாட்டிங்ஹாம் பக்கத்துக் கால்வர்ட்டன்காரர்தானே. அந்தச் சட்டத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பிள்ளைகள் நூல் சுற்றிக் கொடுத்தார்கள், பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள் என்று நீ அனுப்பிய படத்தில் இருந்த பலகையில் எழுதியிருந்ததை உன் அக்கா படித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடியாத்தத்தில் எங்கள் வீடும் அச்சாக அதேதான்.

நைனா குழித்தறியில் லுங்கி நெய்வார். ஆயாவும் நானும் ராட்டையில் தார் சுற்றுவோம். தறியில் குறுக்கே ஓடி நூலை விடுகிற கட்டைதான் நாடா, அதற்குள் வைக்கிற நூல் சுற்றிய குச்சிதான் தார். கட்டம் போட்ட லுங்கிக்கு நிறம் மாற மாற நாடாவையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தார் தயாராக இல்லாவிட்டால் தறி நின்றுவிடும், நின்றால் குரல் வரும். விடியற்காலையில் தெருவில் பாவை, அதாவது தறிக்குப் போகிற நீள இழைகளை, விரித்துக் கஞ்சி போடும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம். மழை வந்தால் பாவும் போச்சு, தறிக்குழியில் தண்ணீரும் ஊறும். முதலாளி பாவும் நூலும் கொடுப்பார், நெய்த உருப்படிக்குத்தான் கூலி. ஓரம் கோணினாலோ இழை விட்டுப்போனாலோ அதிலும் பிடித்துக்கொள்வார். இத்தனைக்கும் என்னைத் தறியில் உட்காரவிட்டதே இல்லை. பெண்பிள்ளைக்குத் தார் போதும் என்றுவிட்டார்கள்.

அதனால் நூல் என்றால் எனக்கு ரொம்ப நாள் வெறுப்புதான். பள்ளிக்கூடத்தில் தக்ளி வகுப்பு இருந்தது, கையால் சுழற்றி நூல் நூற்கிற சின்னக் கருவி அது. 1954-ல் காமராஜர் நின்று ஜெயித்த ஊராயிற்றே, கதர்ப் பேச்சு அடங்காத காலம். மற்ற பிள்ளைகள் நூல் அறுந்தால் அழுவார்கள், நான் அறுந்ததை ஒட்டிவிட்டு ஜன்னலைப் பார்ப்பேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின்தான், உன் அப்பாவும் போனபின், கதர்க் கடையில் பெட்டி ராட்டை ஒன்றைப் பார்த்து வாங்கினேன். காந்தி எரவாடா ஜெயிலில் இருந்தபோது வடிவம் சொல்லிச் செய்த வகை. மூடினால் கையில் தூக்கிப் போகலாம்.

அதில் என்னை மயக்கியது கதிரின், அதாவது சுழன்று நூலை முறுக்குகிற கம்பியின், முனை. நூலைக் கதிருக்கு நேராகப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் முனையிலிருந்து நழுவி விழும், ஒரு முறுக்கு ஏறும். அதே நூலைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்தால் முறுக்கு நின்று கதிரில் சுற்றிக்கொள்ளும். ஒரே கதிர்தான், கை இருக்கிற கோணம் மாறினால் வேலை மாறிவிடுகிறது. சின்ன வயதில் தார் சுற்றியபோது பாதி வித்தையைத்தான் எனக்குக் காட்டியிருக்கிறார்கள். வலது கை சக்கரத்தில், இடது கை பஞ்சுப் பட்டையோடு பின்னால் போகும். இழுப்பு முந்தினால் நூல் அறும், முறுக்கு முந்தினால் முடிச்சு முடிச்சாகச் சுருளும். மத்தியானம் கரன்ட் போனால்கூடத் தெரிவதில்லை.

நூற்றதை அப்படியே பின்னக் கூடாது. ஒற்றை இழையில் முறுக்கு ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் துணியும் சாய்ந்துபோகும். இரண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கி, நனைத்துத் தொங்கவிட்டால் அடங்கும். அப்படிச் செய்த பருத்தி நூலில்தான் அக்கா பிள்ளைக்குக் கையில்லாத சட்டை பின்னினேன். சித்திரை வெயிலில் வேலூரில் கம்பளியைத் தொட முடியுமா, விரல் வியர்த்து ஊசியிலேயே ஒட்டிக்கொள்ளும். லாங்கு பஜாரில் வாங்கிய கம்பளி உருண்டைகள் மார்கழிக்குக் காத்திருக்கின்றன. பருத்தியில் ஒரு குறை, இழுத்தால் திரும்பாது. ஒரு நிட் ஒரு பர்ல் போட்ட ஓரம்கூடக் கொஞ்ச நாளில் தளர்ந்துவிடும்.

நெசவு இப்போதைக்குச் சின்னதுதான். பழைய போட்டோ சட்டத்தில் வரிசையாக ஆணி அடித்து, பாவு கட்டி, உன் அப்பாவின் கிழிந்த லுங்கிகளை பட்டை பட்டையாகக் கிழித்து ஊடையாக, அதாவது குறுக்கு இழையாகப் போடுகிறேன். ஊடையை விறைப்பாக இழுத்தால் நடுவில் இடுப்பு விழுந்துவிடும். வளைவாகத் தளர்த்திப் போட்டுப் பிறகு தட்ட வேண்டும். நைனாவைத் தினமும் பார்த்த கண், அது மட்டும் யாரும் சொல்லித்தராமலே வந்தது.

இப்போது விற்கிற விஷயம். விலை சொன்னால் வாங்குகிறவர்கள் அளவு சொல்வார்கள், நிறம் சொல்வார்கள், தேதி சொல்வார்கள். பிறகு நானும் வானத்தைப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. எனக்குப் பென்ஷன் வருகிறது, நூல் காசு வந்தால் போதும் என்று நான் கொடுத்துவிடுவேன். அந்த விலையை இதை வைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் போய்ச் சொல்வார்கள், அந்தம்மா இவ்வளவுக்குத் தருகிறதே என்று. 1985-ல் சட்டம் போட்டு லுங்கியைக் கைத்தறிக்கு ஒதுக்கியே நெசவாளர்கள் பாடு தீரவில்லை, நான் வேறு எதற்கு. உன் நண்பர்களுக்கு ஆசை என்றால் இங்கே தறி போடுகிறவர்களிடம் லுங்கி வாங்கித் தருகிறேன், பேரம் பேசாமல் வாங்கச் சொல். பக்கத்துத் தெருவில் பிள்ளை பிறந்தால் என் குல்லா போகும், அதற்குக் காசு கிடையாது.

வைகாசியில் நம் ஊர்க் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாய். சாக்லேட் வேண்டாம். சாயம் போடாத, கழுவி வாரிய கம்பளி அரைக்கிலோ கொண்டு வா, டாப்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்களாம். பஞ்சு இழை ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல்தான். கம்பளி இழை அதைவிட நீளம், அதற்குக் கைகளைத் தள்ளித் தள்ளிப் பிடிக்க வேண்டும். தக்ளியில் எப்படி வருகிறது என்று பார்க்கிறேன். டிக்கெட் போட்டதும் அக்காவிடம் சொல்.

அன்புடன்,
அம்மா