எய்யா, டிக்கெட் போடுததுக்கு முன்னால இத படி

எய்யா,

நேத்து ராத்திரி நீ போன்ல அழுதத ஒங்கப்பாகிட்ட நான் சொல்லல. வேலைய விட்டுட்டு வாரேன்னு சொன்னேல்லா, அதுக்குத்தான் இத டைப் பண்ணுதேன், போன்ல பேசுனா நீ ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு சொல்ல கடேசில ரெண்டு பேரும் மூக்க உறிஞ்சிக்கிட்டு வச்சிருவோம்.

விஷயத்த ஒழுங்கா கேட்டுக்கோ. பித்தவெடிப்புக்கு மருந்து வாங்கத்தான் பாளையங்கோட்டைல தோல் டாக்டரம்மாட்ட போனேன். அவங்க வெடிப்ப விட்டுட்டு குதிகால்ல இருந்த கருப்பு மச்சத்தையே லைட்டு வச்ச லென்ஸால பாத்துக்கிட்டு இருந்தாவ. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனதுலதான் மெலனோமாங்கிற தோல் கேன்சர்னு வந்துச்சு. ஆழம் 0.6 மில்லிமீட்டர், மேல புண்ணு இல்ல, அதனால ஸ்டேஜ் 1ஏ. இதுக்கு அகலத்த விட ஆழந்தான் கணக்காம், 0.8க்கு உள்ள இருந்து புண்ணும் இல்லன்னா ரொம்ப ஆரம்பம்னு பேப்பர்ல கோடு போட்டு காட்டுனாவ. சுத்தி ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேத்து எடுத்தாச்சு, ஓரமெல்லாம் கிளியர்னு அடுத்த ரிப்போர்ட்டும் வந்துட்டு. கீமோ கெடையாது, கரண்ட் வைக்கிறது கெடையாது. குதிகால்ல ஒட்டுததுக்கு தொடைல தோல் எடுத்தாவல்லா, அந்தத் தொடைதான் கால விட எரிஞ்சு உயிர வாங்கிட்டு. இப்ப எம்சிஆர்னு மெத்து ரப்பர் செருப்பு போட்டு அடுக்களைக்கும் முத்தத்துக்கும் பைய நடக்கேன், அவ்வளவுதான்.

நீ இருக்க ஆஸ்திரேலியா ஒலகத்துலயே தோல் கேன்சர் ரொம்ப வார நாடு, அங்க எங்க பாத்தாலும் வெயிலு வெயிலுன்னு சொல்லுதாவ சரிதான், ஆனா எனக்கு வந்தது வேற வகை. நம்மள மாதிரி கருத்த தோலுக்கு தோல் கேன்சர் கொறவுதானாம், மெலனோமா வந்தா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் நெறைய வரும், அதுக்கும் வெயிலுக்கும் பெருசா சம்பந்தம் இல்லங்காவ. வயக்காட்டுல வெயில்ல நின்னதாலதான்னு நீயும் ஒங்கப்பாவும் மாத்தி மாத்தி சண்ட போடாதீங்க. நீ அனுப்புன சன்ஸ்கிரீன ஒங்கப்பா மூஞ்சில பூசிக்கிட்டு அம்பாசமுத்திரத்துல கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துட்டாவ, வெள்ளப் பூசணிக்கா மாதிரி இருந்தாவ.

அப்புறம் அந்த ஜமைக்கா பாட்டுக்காரர் பாப் மார்லி விஷயம். அவருக்கும் கால் வெரல்லதான் வந்துச்சு, 36 வயசுல போயிட்டாருன்னு அனுப்பியிருந்த. ஒங்க சித்தி மவன்ட்ட கேட்டேன், அவருக்கு 1977ல கண்டுபிடிச்சு வெரல எடுக்கணும்னு சொன்னதுக்கு மாட்டேன்னுட்டாராம், பெறகு ஒடம்பெல்லாம் பரவி 1981ல எறந்திருக்காரு. எனக்கு எடுக்க வேண்டியத எடுத்தாச்சுல்லா, அவர் கதைய ஏன் என் தலைல கட்டுத?

பயம் இல்லன்னு சொன்னா நீ நம்பவும் மாட்ட. இருக்கு. பகல்ல ஆளு வருது போவுது தெரியல, ராத்திரி ஃபேன் சத்தம் மட்டும் கேக்கப்பதான் ஆரம்பிக்கும். தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கான்னு தடவிப் பாக்கச் சொல்லிக் குடுத்திருக்காவல்லா, நான் எந்நேரமும் அங்கயே கைய வச்சு அமுக்கி அமுக்கி அந்த எடம் வலிக்க ஆரம்பிச்சிட்டு, வலிக்குதுன்னதும் ஐயோ பரவிட்டுன்னு இன்னும் அமுக்குனேன். டாக்டரம்மா சிரிச்சிட்டாவ, மாசத்துக்கு ஒரு தடவ பாத்தா போதும், மிச்ச நாளு கைய எடுங்கன்னாவ. அதனால தமிழ் மாசம் ஒண்ணாந்தேதின்னு வச்சிருக்கேன். காலண்டர்ல தாள் கிழிச்சதும் ஒங்கப்பா போன்ல டார்ச்ச அடிச்சிக்கிட்டு உள்ளங்கால், வெரல் இடுக்கு, முதுகு எல்லாம் பாத்து, மச்சத்துக்குப் பக்கத்துல ஒன் பழைய ஸ்கேல வச்சு போட்டோ எடுப்பாவ, போன மாசத்து போட்டோவோட வச்சுப் பாப்போம். முடிஞ்சா கால மடக்கிட்டு காப்பி போடப் போயிருவேன். நடுவுல சந்தேகம் வந்தா பால்கணக்கு நோட்டு கடேசி பக்கத்துல எழுதி வச்சிருதேன், அது டாக்டரம்மாவுக்குள்ள கேள்வி, நான் முழிச்சிக்கிட்டு கெடந்து பதில் சொல்ல வேண்டியதில்ல பாத்துக்கோ. எழுதுனா பாதி நாளு தூக்கம் வருது. பாதி நாளு வரல, அன்னைக்கு எந்திரிச்சு உளுந்து பொடைப்பேன்.

செக்கப் கிட்ட வாரப்ப மட்டும் என்கிட்ட யாரும் பேச முடியாது, சட்டுனு கோவம் வருது, நீ போன்ல ஒண்ணும் மனசுல வச்சுக்காத.

நோய விட பாக்க வாரவங்கதான் கொடும. ஒரு சொந்தக்காரி ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து உக்காந்தா, நான் போட்ட காப்பிய தொடல, கெளம்பதப்ப வாசல்ல நின்னு ஒங்கப்பாட்ட ஒட்டுமான்னு மெதுவா கேக்கா. கேன்சர் தொட்டா ஒட்டாது, ஒண்ணா சாப்பிட்டாலும் ஒட்டாது, இது கூடவா தெரியாது? இன்னொருத்தி குத்தாலத்துல போய் குளிச்சா சரியாயிரும்ங்கா. சீசனுக்கு நான் குளிக்கத்தான் போறேன், ஆனா சரியாவதுக்கு இல்ல.

நீ செய்ய வேண்டியது என்னன்னா, காலைல போன் போட்டதும் "எப்படிம்மா இருக்கு"ன்னு அந்தக் கொரல்ல கேக்கத நிப்பாட்டு. என்ன கொழம்புன்னு கேளு, சொதி வச்சேன்னா வச்சேன்னு சொல்லுவேன். ஏதாவது இருந்தா நானே சொல்லுவேன், மறைக்க மாட்டேன், இது சத்தியம். லிங்க் அனுப்பாத. அம்மாவுக்கு வந்ததால நீயும் அங்க ஒரு தடவ ஒடம்பு பூரா காட்டிரு. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இல்லாத மச்சம், ஓரம் கோணலா இருக்கது, ரெண்டு மூணு நெறம் கலந்தது, 6 மில்லிமீட்டருக்கு மேல போனது, மாறிக்கிட்டே இருக்கது, நகத்துல புதுசா கருப்புக் கோடு, இதுல எது இருந்தாலும் காட்டணும். ஒன் முதுகுல ஒண்ணு உண்டு, பொறந்ததுலேர்ந்து இருக்கது, அதையும் காட்டு.

வேலைய விடாத. வாரதா இருந்தா ஆனித் தேருக்கு வா, நெல்லையப்பர் தேர் வடத்த ஒரு கை பிடிச்ச மாதிரியும் இருக்கும், அடுத்த செக்கப்பும் அத ஒட்டித்தான் வருது. நீயும் கூட வந்து ஒன் கேள்வியெல்லாம் டாக்டரம்மாட்ட நேர்ல கேட்டுக்கோ, நோட்டுல ஒனக்குன்னு ஒரு பக்கம் விட்டு வச்சிருக்கேன். டிக்கெட் தூத்துக்குடிக்குப் போடுதியா மதுரைக்குப் போடுதியான்னு மட்டும் ஒங்கப்பாட்ட சொல்லிரு, அவங்க இப்பமே கார் பேசணும்ங்காவ.

அம்மா